காலையில் மட்டும் திரும்பாத பெடல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு பாடாங் திடல் பக்கத்துக் கடலோரத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திவைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்களே, அந்தச் சங்கத்துப் பிள்ளைகள்தான் வந்து கேட்டார்கள். "நம்ம சங்க மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க ஆன்ட்டி" என்றார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு பானெட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். ஒரு ஈ உட்கார்ந்தால்கூட ஓடி வருவார்கள். பானெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் போன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"என்னத்த எழுதறது?" என்று கேட்டேன்.

"ஒரு பொம்பளையா இருந்துகிட்டு இந்த வேலைக்கு எப்படி வந்தீங்கன்னு எழுதுங்க. அதான் எல்லாரும் படிப்பாங்க."

கார்பரேட்டருக்கு ஆண் கை, பெண் கை என்றெல்லாம் தெரியாது. கழுவின கையா, கழுவாத கையா என்பதுதான் அதற்குத் தெரியும். ஆகவே அந்தக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் முதுகை உடைத்துக்கொண்டு படுத்தார். நான் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வொர்க்‌ஷாப்பில் தேத்தண்ணி போடப் போனேன். ஒன்பது மணிக்கெல்லாம் தேத்தண்ணி வேலை முடிந்துவிடும். சும்மா உட்கார்ந்திருந்தால் முதலாளி தவுக்கேக்கு வயிறு எரியும். மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்த சாமான்களைக் கழுவச் சொன்னார். கழுவினேன். கழற்றினதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் ஆண்பிள்ளைகள் விழித்தபோது எது எங்கே இருந்தது என்று நான் சொன்னேன். மூன்று வருடத்தில் கார்பரேட்டர் மேசை என்னுடையது. முப்பத்தெட்டு வருடம் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் கதை. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதற்கு முதலில் எங்கள் பெரிய போர்மேன் சின்னத்துரை ஐயாவைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா கிளார்க், அண்ணன் கிளார்க், தம்பியும் கிளார்க். இவர் ஒருவர்தான் எப்படியோ கால் வழுக்கி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்துவிட்டார். அந்தத் துக்கத்தில் ஓய்வுபெறும் வரைக்கும் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டார். அதில் ஒரு பொட்டு அழுக்குப் படாது. அவர் மேல் படவேண்டிய அழுக்கெல்லாம் எங்கள் மேல் பட்டது. வண்டியைத் தொட மாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரகாரம் சுற்றுவதுபோல வண்டியைச் சுற்றுவார். நாங்கள் அவரைப் 'பூசாரி' என்போம். அவர் காதில் விழாத தூரத்தில்தான்.

வண்டி எதுவானாலும் மூன்று கேள்வி கேட்காமல் பானெட்டைத் திறக்க விடமாட்டார்.

"எப்ப? எவடத்தில? என்ன செய்யேக்க?"

வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "மொதல்ல தொறந்து பாருங்க ஐயா" என்பார்கள்.

"தம்பி, வயித்து வலியெண்டு போனால் டாக்குத்தர் உடனே வயித்தை வெட்டுறாரோ? கொஞ்சம் பொறும். எப்ப?"

ஒரு டீச்சருடைய கார் வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் அடங்காமல் அலறுகிறதாம். எங்கள் ஆட்கள் நாள் முழுக்கப் பார்த்தார்கள். பெடல் நன்றாக இருந்தது, கார்பரேட்டர் நன்றாக இருந்தது. நான்தான் கழுவினேன், ஆகவே நன்றாகத்தான் இருந்திருக்கும். சந்துக்குள் பத்துச் சுற்று ஓட்டினார்கள். ஒன்றுமில்லை. "டீச்சருக்கு மண்டையில் கோளாறு" என்று ஆண்பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வண்டியில் கோளாறு கிடைக்காவிட்டால் ஓட்டுகிறவர் மண்டையில் அதைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். இன்றைக்கும் அது மாறவில்லை.

சின்னத்துரை ஐயா கேட்டார். எப்போது? தினமும் சாயங்காலம். எங்கே? பட்டர்வொர்த்தில் ஃபெரியில் ஏறும்போது. என்ன செய்யும்போது? அந்தச் சரிவில் வண்டியை ஏற்றும்போது.

"வருத்தம் வாற இடத்துக்குப் போய்த்தான் வருத்தத்தைப் பாக்கோணும்" என்றார். வருத்தம் என்றால் அவர்கள் பாஷையில் நோய். எல்லோரும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போனோம். சரிவில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை அமுக்கிக்கொண்டே மேலே இழுக்கச் சொன்னார். பானெட்டைத் திறந்துவைத்துப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்.

"என்ன பாத்தனீர் பிள்ளை?"

"எஞ்சின் எந்திரிச்சு நிக்கிதுங்க ஐயா."

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. சமதளத்தில் அது அடக்கமாக உட்கார்ந்திருக்கும். சரிவில் இழுத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். தூக்கும்போது ஆக்சிலேட்டர் கம்பியையும் கூடவே இழுத்துவிடும். டீச்சர் மண்டை சரியாகத்தான் இருந்தது. பூசாரிக்கு முகத்தில் ஒரு சிரிப்பும் வரவில்லை. "ஓம்" என்றார். அவர்கள் பாஷையில் ஆமாம். மனிதர் மகிழ்ச்சியாக இருந்தால் அந்த ஒரு சொல்தான் சொல்வார்.

இவ்வளவு கெட்டிக்காரரிடம் எனக்கு ஒரு தீராத சண்டை இருந்தது. எண்ணெய்ச் சண்டை.

ஆக்சிலேட்டர் கேபிளுக்குள் விட மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சின்ன டின்னில் இருக்கும். அதை அவர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். இரண்டு சொட்டு வேண்டுமென்றால் போய் நின்று, எந்த வண்டி, எந்தக் கேபிள், எதற்கு என்று விளக்க வேண்டும். பிறகு அவரே வந்து குனிந்து பார்ப்பார். பிறகு "ஒரு சொட்டுக் காணும்" என்பார். காணும் என்றால் அவர்கள் பாஷையில் போதும். எங்கள் பாஷையில் அந்த ஒரு சொட்டும் காணாது.

எனக்கு எதற்கு இந்தப் பூசை? என் பையில் எப்போதும் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். ஒருநாள் அதிலிருந்து கேபிளுக்குள் மூன்று சொட்டு விட்டேன். பெடல் வெண்ணெய்போல இறங்கியது, வெண்ணெய்போல ஏறியது. ஓட்டிப் பார்த்த டாக்சிக்காரர், "அக்கா கை பட்டா தனி லா" என்றார். போதாதா? அன்றிலிருந்து பூசாரியின் அலமாரிப் பக்கம் நான் போகவில்லை. டிரைவர்கள் காதிலும் ஓதினேன். "மாசம் ஒருக்கா ரெண்டு சொட்டு விடுங்க அண்ணே, பெடல் பேசாம கெடக்கும்." சிலருக்குப் போத்தலே கொடுத்திருக்கிறேன். பினாங்கு வெயிலில் தேங்காய் எண்ணெய் தண்ணீர்போல ஓடும். அது ஒரு குறையும் வைத்ததில்லை. பூசாரியை ஏமாற்றுகிறோம் என்ற ருசி வேறு.

ஒரே ஒரு தடவை அவர் ஒரு கேபிளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். "சமையல் குசினியில, எஞ்சின் இஞ்ச" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அவர் தேத்தண்ணியில் சீனி போடாமல் கொடுத்தேன்.

அதெல்லாம் பழைய கதை. தவுக்கே போய்ச் சேர்ந்தார், பூசாரியும் போய்ச் சேர்ந்தார், வொர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது கேக் விற்கிறார்கள். நான் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் பேத்தியோடு இருக்கிறேன். போன மழைக்கு முன்னால் ஒருநாள் மாரிமுத்து அண்ணன் வந்தார்.

மாரிமுத்து அண்ணன் எழுபது தாண்டினவர். தஞ்சோங் தொக்கோங்கில் ஒரு பெரிய டாக்டர் வீட்டில் டிரைவர். டாக்டர் இறந்துவிட்டார். அவர் வைத்திருந்த பழைய இங்கிலீஷ் கார், உருண்டை மூக்கு, சாம்பல் நிறம், அது மட்டும் இருக்கிறது. எங்கள் வொர்க்‌ஷாப்பில்தான் அந்த வண்டிக்கு எல்லாம் பார்ப்போம். இப்போது டாக்டரின் மகன் சுகுமாரனுக்கு அது பொக்கிஷம். காரைப் பழுதுபார்த்து, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுவருவார். ஓட்டிவருவது அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து கையாட்டுவது அவர்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். கோப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"என்ன அண்ணே, மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?"

"பாக்கியம், என் காலு எனக்கே அடங்க மாட்டேங்கிது."

போன வாரம் காலையில் வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்திருக்கிறார். முதல் கியர் போட்டு நகர்த்தியவுடன் எஞ்சின் அலறிக்கொண்டு பாய்ந்திருக்கிறது. பிரேக்கை அமுக்கினார், நிற்கவில்லை. சாவியைத் திருப்பி அணைப்பதற்குள் கேட் தூணில் மோதிவிட்டது. ஒரு விளக்கு உடைந்தது. காவல்கார நேப்பாளி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி சப்பையானது. நல்லவேளை, அவன் அப்போதுதான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போயிருந்தான்.

"பெடல் திரும்பி வரல பாக்கியம். நான் கால எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன். சார் நம்பல. ரெண்டு எடத்துல வண்டிய காட்டுனாரு. ஒரு கோளாறும் இல்லன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வண்டியில இல்லன்னா காலுலதான். வயசாயிருச்சு அங்கிள், தாசேக் கெலுகோர்ல மக வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட சரி." கோப்பைக் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். "அதுகூடப் பரவால்ல. நான் கால எடுத்தேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா காலத் தூக்கித் தூக்கிப் பாக்கறேன். அந்த நேப்பாளிப் பையன் எந்திரிக்காம இருந்திருந்தா?"

நாற்பது வருடம் ஒருவரையும் இடிக்காத மனிதர். டாக்டரையே "மெதுவா பேசுங்க, எஞ்சின் சத்தம் கேக்கல" என்று அதட்டினவர். தன் காலையே திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, ஆத்திரம். வண்டியைப் பார்த்த அந்த இரண்டு மேதாவிகள் யார் என்று விசாரித்தேன். முதலாமவன் பெரிய கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வண்டிகளில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்ப்பான். இந்த வண்டியில் சொருக இடம் இல்லை. இடத்தைத் தேடியே அரை நாள் போயிருக்கும். இரண்டாமவன் பழைய வண்டி நிபுணன், தொப்பி போடுவான். அவன் கார்பரேட்டரை இழுத்து மூடும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இன்னும் முரட்டு ஸ்பிரிங்காக மாட்டியிருக்கிறான். கோளாறு தெரியாதவன் ஸ்பிரிங்தான் மாற்றுவான். அதனால் பெடல் கல்லாகி, ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்த கால் வலிக்கவும் ஆரம்பித்துவிட்டது. இருவரும் மத்தியானத்தில் ஓட்டிப் பார்த்து "ஓகே" சொன்னவர்கள்.

பூசாரியின் மூன்று கேள்வியைக் கேட்டேன்.

"எப்ப அண்ணே?"

"காலையிலதான். எப்பவுமே காலையிலதான். அன்னிக்கு முன்னாலயே நாலஞ்சு வாரமா கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு."

"எங்க?"

"கொட்டகைய விட்டு வரும்போது. ரோட்டுக்குப் போயிட்டா நல்லா ஆயிரும்."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வரேன். நான் வர்ற வரைக்கும் வண்டிய யாரும் தொடக்கூடாது. ஒங்க சார இருக்கச் சொல்லுங்க."

"சார் ஒம்பது மணிக்குத்தான் எந்திரிப்பாரு."

"ஒரு நாளைக்கு சூரியன் எப்படி வருதுன்னு பாக்கட்டும்."

மறுநாள் போனேன். 'கொட்டகை' என்று அண்ணன் சொன்னாரே, அது கொட்டகை இல்லை. வீட்டின் பக்கத்தில் கண்ணாடி அறை. உள்ளே விளக்கு, சுவரில் படம், நடுவில் வண்டி. சுகுமாரன் தூக்கக் கலக்கத்தோடு அரைக்கால் சட்டையில் வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே கால் வைத்ததும் குளிரில் என் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றுவிட்டது.

"என்ன தம்பி, வண்டிக்கு ஏர்கானா?"

"ஆமா ஆன்ட்டி. பதினெட்டு டிகிரியில வச்சிருக்கேன், ராத்திரி பகல் ரெண்டும். லெதர் சீட்டுல பூசணம் புடிக்கக்கூடாதுல்ல. ரெண்டு மாசம்தான் ஆச்சு இந்த ரூம் கட்டி."

"அப்பா இருந்தப்ப?"

"போர்ச்சுல கெடந்துச்சு. வெயில் மழையெல்லாம் பட்டு." அந்தக் காலத்துச் சித்திரவதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் பிளாட்டில் மனுஷி எனக்கே ஒரு கிப்பாஸ் விசிறிதான் சுற்றுகிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி, நீங்களே ஏறி உக்காருங்க. சாவி வேணாம். எஞ்சின் வேணாம். ஆக்சிலேட்டர மட்டும் கடைசி வரைக்கும் அமுக்கிட்டு கால எடுங்க."

"நானா? அங்கிள் அமுக்கட்டுமே."

"அங்கிள் காலுதான் கெட்டுப்போச்சே. நல்ல காலா பாத்து அமுக்குவோம்."

ஏறினார். அமுக்கினார். காலை எடுத்தார். பெடல் தரையோடு கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கம் கலைந்து எழுகிற கிழவன்போல மெள்ள மெள்ளப் பாதி தூரம் வந்து அங்கேயே நின்றது. முரட்டு ஸ்பிரிங் இழுத்தும் அவ்வளவுதான். மறுபடி அமுக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

"இப்ப யாரு காலு வழுக்குச்சு தம்பி?"

அவர் நான் சொல்லாமலே இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். அண்ணன் கதவோரம் நின்று பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எங்கே பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று இடத்தில் பிடிக்கலாம்: கார்பரேட்டர், கேபிள், பெடல். ஒவ்வொன்றாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிப் பரப்பிவைத்தால் கோளாறு நடுவில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பானெட்டைத் திறந்தேன். கார்பரேட்டர் முனையில் கேபிளை விடுவித்தேன். காற்றுப் போகும் வழியில் உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுதான் திறந்து மூடுவது. அதன் கையை விரலால் தள்ளிவிட்டேன். டக் என்று மூடியது. பத்துத் தரம் தள்ளினேன். பத்துத் தரமும் டக். கார்பரேட்டர் மேல் பழி இல்லை. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் பெடல் முனையையும் அவிழ்த்தேன். இந்த வயதில் அந்தப் பொந்துக்குள் போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். பெடல் தனியாக ஊஞ்சல்போல ஆடியது. அதன் மேலும் பழி இல்லை.

மிச்சம் கேபிள். வெளிக்கூட்டுக்குள்ளிருந்து உள்கம்பியை இழுத்தேன். டோடோல் அல்வாச் சட்டியிலிருந்து அகப்பையை இழுப்பதுபோல வந்தது. கம்பியைச் சுற்றி வெள்ளையாக, மெழுகுபோல ஒன்று அப்பியிருந்தது.

"கிரீஸா?" என்று சுகுமாரன் குனிந்தார்.

விரலில் எடுத்துத் தேய்த்தேன். சூடு பட்டதும் உருகித் தண்ணீராகிவிட்டது. மூக்கில் வைத்தேன். காறல் அடித்தாலும் வாசம் தெரிந்தது. என் தலையணை வாசம். ஏர்கான் அறையில் தூங்கும் என் பேத்தி காலையில் எழுந்து, எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி, "வர மாட்டேங்கிது" என்று கத்துவாளே, அந்த எண்ணெய்.

பினாங்கு வெயிலில் தண்ணீராக ஓடினது பதினெட்டில் மெழுகாகிவிட்டது. மத்தியானம் வொர்க்‌ஷாப்பில் மறுபடி தண்ணீர். அந்த மேதாவிகள் கண்ணில் படாமல் வெளியே போனால் உருகி, அறைக்குள் வந்தால் உறைந்துகொண்டிருந்திருக்கிறது. விரல் என் மூக்கில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

அதற்குள் கதவோரத்திலிருந்து அண்ணன் குரல். முகம் பிரகாசமாகிவிட்டது அவருக்கு.

"ஒன்னும் கொறை வைக்கல பாக்கியம். மாசாமாசம் தவறாம விட்டுகிட்டுத்தான் இருக்கேன். இப்ப இறுக்கமா இருந்துச்சா, அதான் கூட நாலு சொட்டு விட்டேன்."

சுகுமாரன் நிமிர்ந்தார். என் விரலைத் தன் பக்கம் இழுத்து மோந்து பார்த்தார். டாக்டர் மகன் அல்லவா, மூக்கு வேலை செய்தது.

"அங்கிள். தேங்காய் எண்ணெய்யா? எங்க அப்பா கார்ல சமையல் எண்ணெய ஊத்துனீங்களா?"

அண்ணனுக்கு முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கிவிட்டது.

"அப்ப நான் சொன்னது சரிதானே ஆன்ட்டி. காலு இல்லன்னா கை. தப்பு இவருதுதான். அந்த நேப்பாளி உக்காந்திருந்தா இவரு ஜெயிலுக்குப் போயிருப்பாரு, நானும் கூடப் போயிருப்பேன்."

ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் தாசேக் கெலுகோருக்குப் போயிருப்பாரே தவிர வாயைத் திறந்திருக்க மாட்டார். தொப்பிக்காரன், கம்ப்யூட்டர்காரன், தூங்குமூஞ்சி முதலாளி என்று எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு வந்தவள் நான். என் போத்தல் நடுவில் வந்து நின்றதும் வாய் உறைந்துவிட்டது. பதினெட்டில் எல்லாமே உறையும்போல.

"தம்பி, அவருக்கு அத விடச் சொன்னது நான்தான்" என்றேன்.

"என்ன?"

"மொத போத்தல் குடுத்ததும் நான்தான். எங்க போர்மேன் வேணாம்னாரு. நான் கேக்கல. ஒங்க அப்பா காலத்துல வண்டி வெயில்ல கெடந்துச்சு, எண்ணெய் தண்ணியா இருந்துச்சு, என் தப்பு வெளிய தெரியல. நீங்க குளுர வச்சீங்க, தெரிஞ்சுருச்சு. இதுல மூணு கை இருக்கு. எண்ணெய் சொன்ன கை ஒன்னு, ஏர்கான் போட்ட கை ஒன்னு. நடுவுல இவரு சொன்னத சொன்னபடி செஞ்சவரு. அவரு ஒருத்தரத்தான் ஊர விட்டு அனுப்பப் போறீங்க."

"நான் லெதர் சீட்டுக்காக..."

"நானும் பெடலுக்காகத்தான்."

அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கொஞ்ச நேரம் உடைந்த விளக்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். போனவர் ரிமோட்டை எடுத்துவந்து ஏர்கானை அணைத்தார். அது அவருடைய மன்னிப்பு. வாங்கிக்கொண்டோம்.

இரண்டு நாளில் புதுக் கேபிள் வந்தது. மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். காணும். முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கையே மாட்டினேன். காலையில், மத்தியானத்தில், அறைக்குள்ளே, வெளியே வெயிலில் என்று எல்லா வேளையிலும் அமுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் டக்.

சுகுமாரன் சாவியை நீட்டினார். "அங்கிள், எடுங்க."

அண்ணன் கை நீட்டவில்லை. "வேணாம் சார். இன்னொரு நாளைக்கு."

"அண்ணே, ஏறுங்க. நான் பக்கத்துல உக்காரறேன்" என்றேன். "இடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். எனக்கும் வீட்டுல ஒரு வேலையும் இல்ல."

ஏறினார். எஞ்சின் பிடித்ததும் ஆக்சிலேட்டரை ஒரு நூல் அமுக்கிக் காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது. மறுபடி அமுக்கினார், எடுத்தார். அடங்கியது. ஏழெட்டுத் தடவை. பெடலை அவர் சோதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு முதல் கியரைப் போட்டு நகர்த்தினார். கேட் கிட்டே போகும்போது அந்த நேப்பாளிப் பையன் எங்களைப் பார்த்தான், அவசரமாக எழுந்தான், புது நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றான். அண்ணன் அவனுக்கு நேரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "உக்காருடா" என்றார். அவன் உட்காரும் வரைக்கும் வண்டியை எடுக்கவில்லை.

தாசேக் கெலுகோர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் இப்போது ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாராம்.

தூக்கம் போனது எனக்குத்தான். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை கேபிளுக்குள் விட்டிருப்பேன், எத்தனை டிரைவர் காதில் ஓதியிருப்பேன், கணக்கில்லை. அந்த வண்டிகளில் பல உங்கள் சங்கத்தில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தேன், நாலைந்தை எனக்கே அடையாளம் தெரிந்தது. அவற்றைத் துடைக்கிற பிள்ளைகளிடம் வாயால் சொன்னேன். "அப்படியா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு என்னை வண்டி பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். பொம்பளை எப்படி வேலைக்கு வந்தாள் என்று படிக்க வந்தவர்கள் இதையும் படித்துத் தொலைக்கட்டும்.

உங்கள் வண்டி பழையதாக இருந்து, டத்தோ கிராமாட் பக்கத்துச் சந்தில் எப்போதாவது நின்றிருந்து, இப்போது ஏர்கானில் தூங்குகிறதென்றால், நாளைக் காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் ஆக்சிலேட்டரை ஒரு தடவை அமுக்கிவிட்டுக் காலை எடுங்கள். பெடல் திரும்பி வராவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். டிரைவர் காலைப் பார்க்காதீர்கள். தொப்பிக்காரனிடம் போகாதீர்கள். கேபிளை உருவி மோந்து பாருங்கள். தேங்காய் வாசம் அடித்தால் அது நான்தான்.